உயிர்மீட்சியும் கைப்பிடி அரிசியும்

உயிர்மீட்சி என்னுஞ் சொல் நம் சபைகளில் இக்காலத்துப் பெருவழக்காக வழங்கிவருகின்றது. சுவர்தோறும் அதனை அறிவிக்கும் விளம்பரங்களைக் காண்கின்றோம். பந்தல்தோறும் அதனை வேண்டும் பாடல்களைக் கேட்கின்றோம். ஆயின், மூன்று நாட் கூட்டம் முடிந்து பந்தலும் பிரிக்கப்பட்ட பின்னர், அவ்வூர்ச் சபையார் வாழ்க்கையில் யாது மாறிற்று என்று வினவுவார் மிகச் சிலரே. மற்றொரு பக்கத்தில், கல்வி கற்றோர் பலர் உயிர்மீட்சி என்றாலே நகைத்து அகல்கின்றனர். அழுகையும் ஆரவாரமும் அறிவுடையோர்க்கு அழகல்ல என்பது அவர்தம் கொள்கை. இவ்விரு திறத்தாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பது நம் கருத்து. இருவரும் உயிர்மீட்சியை உணர்ச்சியின் அளவால் மதிப்பிடுகின்றனர்; ஒருவர் அதனை விரும்புகின்றனர், மற்றவர் வெறுக்கின்றனர், அவ்வளவே. சபையின் கூட்டு வாழ்க்கையை வைத்தே அதனை மதிப்பிடவேண்டும் என்பதை நம் நாட்டின் வடகிழக்கு மலைகளில் வளர்ந்த பிரெஸ்பிட்டேரியன் சபையின் வரலாற்றைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

வேல்ஸ் நாட்டுக் கால்வினிய மெதடிஸ்டுச் சபையே பிரெஸ்பிட்டேரியன் சபை எனவும் வழங்கப்படுவது. அச்சபையினர் அனுப்பிய தாமஸ் ஜோன்ஸ் என்பார் 1841-ஆம் ஆண்டு காஸி மலையிலுள்ள செராப்புஞ்சியை அடைந்து, அம்மக்கள் மொழிக்கு ரோமன் எழுத்தில் எழுத்துமுறை வகுத்தார். அம்மலைகட்குத் தெற்கே, அக்காலத்து லூசாய் மலை எனப்பட்ட இற்றை மிசோரத்துக்கு லோரெயின், சாவிட்ஜ் என்னும் இருவர் 1894-ல் வந்தனர். அவர்கட்குப்பின் 1897-ல் வேல்ஸ் சபையின் டி. இ. ஜோன்ஸ் ஐசாலை அடைந்தார். அங்கு முதன்முதலாக ஞானஸ்நானம் நடந்தது 1899-ல், பெற்றவர் இருவரே.

இந்நிலையில், 1904-ஆம் ஆண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டில் ஒரு பெரிய உயிர்மீட்சி தோன்றிற்று. எவன் ராபர்ட்ஸ் என்னும் வாலிபர் அதில் முதன்மையாகப் பேசப்பட்டார். அவர் முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். ஏறத்தாழ 1,00,000 பேர் புதிதாகச் சபைகளிற் சேர்ந்தனர் என்பர். அச்செய்தி கடல் கடந்து காஸி மலையை எட்டவே, 1905-ல் அங்கும் அத்தகைய எழுச்சி உண்டாயிற்று. 1906-ன் தொடக்கத்தில் மிசோ விசுவாசிகள் சிலர் காடும் மலையும் கடந்து பல நாள் நடந்து, காஸி மலையின் மைராங் என்னும் ஊரிற் கூடிய சபைப் பேரவைக்குச் சென்று திரும்பினர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஐசாலில் முதல் உயிர்மீட்சி தொடங்கிற்று. பின்னர் 1913-லும் 1919-லும் அது மீண்டும் மீண்டும் எழுந்தது.

இவ்வளவோடு நின்றிருப்பின் இவ்வரலாறு நமக்கு வேண்டுவதன்று. கூட்டமும் கண்ணீரும் எவ்விடத்தும் உண்டு. நாம் கவனிக்கவேண்டுவது பின் நிகழ்ந்தவற்றையே.

முதலாவது, 1910-ஆம் ஆண்டு முதல் மிசோக் குடும்பங்களில் ஒரு பழக்கம் வேரூன்றிற்று. இல்லத்தரசி உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து வேறொரு கலத்திற் போடுகின்றாள். அவ்வரிசியைச் சபையார் வீடுதோறுஞ் சென்று திரட்டி விற்று, அப்பணத்தை ஊழியத்துக்குச் செலவிடுகின்றனர். ‘புஹ்பாய் தம்’ என்பது அதன் பெயர். கைப்பிடி அரிசி என்பதே பொருள். பெருஞ்செல்வர் ஒருவரும் இல்லாத மலைநாட்டில் இஃது எளியோர்க்கு இயன்ற ஈகையாயிற்று. இல்லாதவள் என்று எவளும் விலக்கப்பட்டிலள். உலை வைக்கும் வீடெல்லாம் சபைக்குக் கொடுக்கும் வீடாயிற்று. இன்று மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபை இந்தியாவின் பல பகுதிகட்கும் அயல்நாடுகட்கும் தன் மக்களையே ஊழியராக அனுப்புகின்றது. அவர்களைத் தாங்குஞ் செல்வத்துள் இக்கைப்பிடி அரிசிக்குப் பெரும்பங்குண்டு. சாறிபாத்து விதவையின் பானை மாவைப்பற்றி நாம் பிரசங்கம் கேட்டிருக்கின்றோம். அவர்களோ அப்பானையை அடுக்களையிலேயே வைத்துக்கொண்டனர்.

இப்பழக்கம் தொடங்கிய காலமும் நோக்கத்தக்கது. மிசோ மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகட்கு ஒருமுறை ஒருங்கே பூத்துக் காய்க்கும். அக்காய்களைத் தின்று எலிகள் அளவின்றிப் பெருகி, பின்னர் வயலிற் புகுந்து தானியத்தை அழிக்கும். 1911, 1912-ஆம் ஆண்டுகளில் அவ்வாறு கொடிய பஞ்சம் உண்டாயிற்று. கைப்பிடி அரிசி தொடங்கிய மறு ஆண்டே அரிசியில்லாக் காலம் வந்தது. அதனால் அப்பழக்கம் அழியாது நிலைத்ததைக் காணும்போது, அதற்கு மிகுதியான உணவன்று, மனமே வேர் என்பது விளங்கும்.

இரண்டாவது, அடிமைத்தனத்தைப்பற்றிய வழக்கு. பஞ்சத்தாலும் கடனாலும் அடைக்கலம் புக்கோரைத் தலைவர் தம் இல்லத்து அடிமைகளாக வைத்துக்கொள்ளும் முறை அம்மலைகளில் இருந்தது. 1908-ல் அங்குச் சென்ற வேல்ஸ் மருத்துவர் பீட்டர் பிரேசர் அதனைக் கண்டித்தார். அஃது அடிமைமுறையன்று, உள்நாட்டு வழக்கமே என்றனர் அரசாங்க அதிகாரிகள். பிரேசர் இணங்காமையால் 1912-ல் அம்மலையை விட்டு நீங்க நேர்ந்தது. எழுப்புதல் நிகழ்ந்த நாட்டில் ஒரு மனிதன் மற்றொருவனுக்கு உடைமையாயிருத்தல் தகுமோ என்பதே அவர் எழுப்பிய வினா. அவ்வினாவை அடக்கிவைக்க எவராலும் இயலவில்லை. அம்முறை பின்னர் ஒழிந்தது.

மூன்றாவது, பாட்டும் பறையும். தொடக்கத்தில் மிசோச் சபையார் அயல்நாட்டு இராகங்களிலேயே பாடினர். பழைய வாழ்க்கையின் சின்னமென்று முழவு விலக்கப்பட்டது. 1919-ஆம் ஆண்டு எழுச்சிக்குப்பின் அவர்தம் சொந்த இராகங்களில் புதிய கீர்த்தனைகள் பிறந்தன. முழவும் ஆலயத்துட் புகுந்தது. துக்க வீட்டில் அயலார் கூடி இரவெல்லாம் அப்பாட்டுக்களைப் பாடி ஆறுதல் கூறுதல் அங்கு வழக்கமாயிற்று. பிறர்க்காகத் தன்னலம் மறந்து உழைத்தலை அம்மக்கள் ‘த்லோம்ஙைனா’ என்பர். நம் வள்ளுவனார் ஒப்புரவறிதல் என்று அதிகாரம் வகுத்ததற்கு அணித்தானதொரு பண்பு அது. முன்னோர் வைத்த அப்பண்பு சபை வாழ்க்கையினுட் கலந்து வலுப்பெற்றது. 1935-ல் தொடங்கி இன்று மிசோ வாலிபர் சங்கம் என வழங்கும் அமைப்பினர், ஊரில் யாவர் இறப்பினும் குழி வெட்டுதல் முதலிய பணிகளைத் தாமே செய்கின்றனர். 1928-ல் துர்த்லாங்கில் தொடங்கிய சபை மருத்துவசாலை இன்றும் நடைபெறுகின்றது. 1966 முதல் இருபது ஆண்டு அம்மலைநாடு ஆயுதக் கலகத்தால் நைந்தபோது, சபைத் தலைவர்கள் இரு திறத்தாரிடையே நின்று சமாதானத்துக்கு உழைத்தனர். 1986-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மிசோரத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91-க்கு மேற்பட்டவர்.

இவற்றைக் கூறுவதால் அச்சபையைக் குறையற்றதென்று நாம் கொண்டாடவில்லை. 1937-ல் கேல்காங் என்னும் ஊரில் எழுந்த எழுச்சியில், உழுது பயிரிடுதலே இனி வேண்டாவென்ற பேச்சுப் பரவியதாக அரசாங்கத்தார் குற்றஞ்சாட்டி, அதன் தலைவர்களைச் சிறைப்படுத்தினர். அக்குற்றச்சாட்டு எவ்வளவு உண்மையாயினும் ஆகுக. வயலை மறக்கச் சொல்லும் பக்தியும், வயலில் விளைந்ததில் ஒரு கைப்பிடி எடுத்துவைக்கும் பக்தியும் ஒன்றல்ல என்பது தெளிவு. மேலும், அரிசியை எடுத்துவைத்தவர் பெண்டிர். ஆயின் அதனை எவ்வாறு செலவிடுவதென்று தீர்மானித்த மூப்பர் ஆசனமோ நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. கொடுக்குங் கைக்குப் பேசும் உரிமை இல்லாமை எச்சபைக்கும் பெருமையாகாது.

வேல்ஸ் நாட்டின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1904-ல் நிரம்பி வழிந்த ஆலயங்களுட் பல இன்று மூடப்பட்டும், வீடுகளும் கடைகளுமாக மாற்றப்பட்டும் உள்ளன. ஆங்கும் உணர்ச்சி இருந்தது; பாட்டு இருந்தது; இவை குறைவாயிருந்தன என்று எவருஞ் சொல்லார். போர், தொழில்நிலை, மொழிநிலை, மாறிய கருத்துக்கள் எனக் காரணங்கள் பல. எனினும் ஒன்று மட்டுந் திண்ணம்: ஒரு தலைமுறையின் கண்ணீரை மறு தலைமுறைக்குச் சொத்தாக எழுதிவைத்தல் இயலாது. பழக்கங்களையே கொடுத்துச் செல்லலாம். தாய் அரிசி எடுத்துவைப்பதைக் கண்ட மகள் தானும் எடுத்துவைப்பாள்.

இங்கே பிரெஸ்பிட்டேரியன் ஒழுங்கின் சிறப்பும் புலனாகின்றது. அவ்வொழுங்கில் சபையார் தம்முள் தக்காரை மூப்பராகத் தெரிந்தெடுக்கின்றனர். போதகரும் மூப்பரும் கூடி ஆலோசித்துச் சபையை நடத்துகின்றனர். கணக்கும் தீர்மானமும் ஏட்டில் எழுதப்படுகின்றன. எழுப்புதலை விரும்புவோர் சிலர் இவ்வொழுங்கை உயிரற்றது என்பர். ஒழுங்கை விரும்புவோர் சிலர் எழுப்புதலை மயக்கம் என்பர். அடுப்பின்றி எரியும் நெருப்பு வீட்டைச் சுடும். நெருப்பில்லா அடுப்பில் சோறு வேகாது. கைப்பிடி அரிசி நிலைத்தமைக்குக் காரணம், அதனை எடுத்துவைக்க ஓர் உள்ளமும், திரட்டிக் கணக்கெழுத ஒரு முறையும் ஒருங்கே இருந்தமையே.

இனி, நம்மை நோக்குவோம். கைப்பிடி அரிசிக் காணிக்கை நம் தமிழ்ச் சபைகட்கும் புதியதன்று. நம் பாட்டிமார் பலர் அதனை அறிவர். திருநெல்வேலியார் 1903-லேயே தம் சொந்தப் பொருளைக்கொண்டு இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவினர். தமிழ்நாட்டிலிருந்த ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்து, பிரிவினை நீங்கும் வழியைக் காட்டின. ஆகவே நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. எனினும் நம் ஊர்கள் சிலவற்றில் ஒரே ஞானஸ்நானம் பெற்றோர் சாதியின்பேரால் வேறு வேறு கல்லறைத் தோட்டங்களில் அடக்கஞ்செய்யப்படுதலை மறைப்பதற்கில்லை. யாவர்க்கும் ஒன்றுபோலக் குழி வெட்டும் மிசோ வாலிபர் முன்னிலையில் நாம் என்ன விடை கூறுவோம்? அச்சுவர் நிற்குமளவும், எத்துணைப் பெரிய பந்தல் இடினும், அவ்வூரில் உயிர்மீட்சி வந்ததென்று சொல்ல நம் நா எழாது.

கல்லூரி மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. பெரியதொன்று நிகழுமென்று காத்திராது, சிறியதொன்றை விடாது செய்யத் தொடங்குமின். விடுதியில் வாழ்வோர் வாரத்தில் ஒருவேளைச் சிற்றுண்டியின் விலையை எடுத்துவைப்பின், கட்டணம் கட்டமுடியாது படிப்பை நிறுத்தும் மாணவர் சிலரைக் காக்கலாம். நமக்குச் சோறு சமைப்பவர், அறை பெருக்குபவர் ஆகியோரின் பெயரையும், அவர் வீட்டுத் துன்பத்தையும் அறிந்துகொள்ளுதல் ஜெபக்கூட்டத்துக்குக் குறைந்த ஊழியமன்று. பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: பதவியும் பட்டமும் பெற்றபின் சொந்த ஊர்ச் சபையைத் திருவிழாவுக்கு மட்டும் சென்று காணும் இடமாக வையாதீர். அதன் கணக்கேட்டைத் திருத்தவும், ஓய்வுநாட் பள்ளியில் கற்பிக்கவும், கல்லறைத் தோட்டச் சுவரை அகற்றும்படி கூட்டத்தில் எழுந்து பேசவும் உங்கள் கல்வி பயன்படுமாயின், நம் கல்லூரி உங்கட்குக் கற்பித்தது வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.

உயிர்மீட்சியை அருளுபவர் இறைவன். அதனை நாம் உண்டாக்குதல் இயலாது. ஆயினும் அவர் அருளுவதை ஏற்கும் கலத்தை ஆயத்தஞ்செய்தல் நம் கடன். அது நம் அடுக்களையில் அரிசிப் பானைக்கு அருகிலேயே வைக்கத்தக்க ஒரு சிறு கலம்.