அடையாற்றுப் பெட்டியும் தோட்டத்துத் தாயத்தும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களில் பால்மரம் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகள் பல இடிந்துவிட்டன. ஆயினும் குறி சொல்லுகிறவரும், தாயத்துக் கட்டுகிறவரும், எலுமிச்சம்பழம் அறுத்துச் செய்வினை எடுக்கிறவரும் எங்கும் போய்விடவில்லை. சம்பளம் போட்ட மறு ஞாயிறன்று அவர்கள் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களை எண்ணினாலே இது விளங்கும். இதைக் கண்டு பட்டணத்துப் படித்த கனவான்கள் சிரிக்கிறார்கள். கிராணி வேலை பார்க்கும் நாமும் சிரித்தவர்களே. சிரிப்பதில் தவறில்லை. ஆனால் அதே கனவான்கள், மந்திரவாதம் இங்கிலீஷில் எழுதப்பட்டு வந்தால் மட்டும் கைகட்டி நிற்கிறார்களே, அதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை.

அண்மையில் ஜாசினில் ஒரு கலியாணப் பந்தலில் பேச்சு பிளவாட்ஸ்கி அம்மையாரைப் பற்றித் திரும்பிற்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அம்மையார் மகா ஞானி என்றும், அவர்மேல் சுமத்திய பழி பொய்யென்று 1986-லேயே முடிவாகிவிட்டதென்றும் அடித்துச் சொன்னார். பக்கத்திலிருந்த இளைஞர் முழுப் புரட்டுக்காரி என்றார். இருவரும் அம்மையாரின் நூலில் ஒரு பக்கமேனும் படித்தவரல்லர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நாமோ பள்ளி நாளில் அந்நூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்து பெருமையடித்தவர்களாகையால், வெட்கத்தினால் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இங்கே சொல்லுகிறோம்.

ருஷ்யப் பேரரசில் 1831-ல் பிறந்த இவ்வம்மையார், 1875-ல் நியூயார்க்கில் கர்னல் ஆல்காட் முதலியோருடன் பிரம்மஞான சபையைத் தொடங்கி, 1879-ல் பம்பாய்க்கு வந்தார். 1882-ல் சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றில் அமைந்தது. இமயத்துக்கு அப்பாலுள்ள மகாத்மாக்கள் தமக்குக் கடிதம் எழுதுகிறார்கள் என்பது அம்மையாரின் வாக்கு. அடையாற்று அறையொன்றில் சுவரில் மாட்டிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கடிதத்தை வைத்துக் கதவைச் சாத்தினால், சற்று நேரத்தில் பதில் வந்திருக்குமாம். இச்சங்கதியை நம் தோட்டத்தில் முன்பு பால் வெட்டிய பாட்டி ஒருவரிடம் சொன்னோம். எழுத்து வாசனை அறியாதவர் அவர். "அந்தச் சொவத்துக்குப் பின்னால என்ன இருந்துச்சு தம்பி?" என்றார். அம்மையாரின் படுக்கையறை என்றோம். பாட்டி வேறொன்றும் கேட்கவில்லை.

1884-ல் அம்மையார் ஐரோப்பாவிலிருந்த சமயம், அடையாற்றில் வேலைபார்த்த கூலோம் தம்பதிகள், பெட்டியின் வித்தையெல்லாம் தம் கைவேலையே என்று சொல்லி, அம்மையார் எழுதியவை என்று சில கடிதங்களை வெளியிட்டார்கள். அவற்றை அச்சிட்டது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை. பாதிரிமாருக்குப் பகையுண்டு, உண்மையே. சுவரிலுள்ள திறப்புகளை அம்மையார் இல்லாத வேளையில் கூலோமே செய்துவைத்தான் என்று சபையார் சொன்னதும் உண்டு. அதற்கும் இடமுண்டென்றே வைத்துக்கொள்வோம். ஆனால் லண்டன் ஆன்ம ஆராய்ச்சிச் சங்கம் அனுப்பிய ஹாட்ஜ்சன் அவ்வாண்டு டிசம்பரில் வந்து பார்க்குமுன், அந்தப் பெட்டியைச் சபையாரே உடைத்து எரித்துவிட்டார்கள். குற்றமற்றவர்கள் தமக்குச் சாட்சியாகக்கூடிய பொருளை ஏன் எரிக்க வேண்டும்? 1885-ல் ஹாட்ஜ்சன் அம்மையாரை மோசக்காரர் என்று அறிக்கை எழுதினார். அவ்வாண்டே இந்தியாவை விட்டுப் போன அம்மையார் திரும்பவில்லை; 1891-ல் லண்டனில் காலமானார்.

இனி ஆசிரியர் சொன்ன 1986-க்கு வருவோம். வெர்னான் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர், ஹாட்ஜ்சனின் அறிக்கை ஒருதலைப்பட்சமானது, அதிலுள்ள கையெழுத்துச் சான்று நிற்காது என்று அதே சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார். இதை நாம் மதிக்கிறோம். ஆனால் நம் தொழிலைக் கொண்டே ஒன்று கேட்கிறோம். நிறுவைப் புத்தகத்தில் பத்து டன் குலை கூடுதலாய் எழுதியிருக்கிறது என்று கொள்வோம். விசாரிக்க வந்த அதிகாரி அவசரக்காரர், கிராணிமேல் பகையுள்ளவர் என்று பின்னால் ருஜுவாகலாம். கிராணியும் தண்டனைக்குத் தப்பலாம். அதனால் அந்தப் பத்து டன் குலை ஆலைக்கு வந்து சேர்ந்துவிடுமா?

ஹாட்ஜ்சனை முற்றும் தள்ளிவிட்டாலும் மற்றொன்று நிற்கிறது. கூட் ஹூமி என்ற மகாத்மாவின் கடிதங்களைச் சின்னெட் என்ற பத்திராதிபர் 1881-ல் நூலாய் வெளியிட்டார். அதிலொரு பகுதி, அமெரிக்கரான ஹென்றி கிடில் 1880-ல் செய்த சொற்பொழிவில் உள்ளபடியே இருந்தது. கிடில் 1883-ல் இதைப் பகிரங்கமாய்க் கேட்டார். மகாத்மா களைத்திருந்த வேளையில் சீடனுக்கு மனத்தாலேயே சொல்லி எழுதுவித்ததில் சில வரிகள் விட்டுப்போயின என்று பதில் வந்தது! நம் கோடாங்கி, குறி பொய்த்தால் தீட்டுப்பட்டுவிட்டது என்பார். இரண்டிற்கும் வேறுபாடு யாது?

சபையால் நன்மையே விளையவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆல்காட் 1894-ல் அடையாற்றில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தராவதற்குத் துணை நின்றவரும் அவரே. லண்டனில் காந்தியாரைக் கீதை படிக்கத் தூண்டியவர்கள் இரு பிரம்மஞானிகள். இவற்றையெல்லாம் நன்றியோடு எழுதுவோம். ஆனால் ஓர் ஏழைப் பிள்ளைக்கு அரிச்சுவடி கற்பிக்க ஆகாயக் கடிதம் எதற்கு?

அம்மையாரின் சரக்கு தமிழனிடத்தில் மற்றொரு வழியாகவும் வந்திருக்கிறது. லெமூரியா என்பது 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைத்த ஒருவகைப் பிராணிகளுக்குக் காரணம் தேடிக் கற்பித்த நிலம். 1888-ல் அம்மையார் அதை எடுத்து, மூன்றாம் மூல இனம் வாழ்ந்த கண்டமாக்கினார். பின்னர் நம்மவர் சிலர் அதைக் குமரிக் கண்டத்தோடு ஒட்டிவிட்டார்கள். கடல்கோளைப் பற்றிப் பழைய உரைகள் சொல்வது வேறு சங்கதி. கண்டங்களே நகர்ந்து பிரிந்தன என்று 1960-களில் நிலைநாட்டப்பட்ட பின், மூழ்கிய கண்டத்துக்கு அறிவியலில் வேலையில்லை. அதே நூல் மனிதரை ஏறும் இனம், தேயும் இனம் என்று வரிசைப்படுத்தி, சில பழங்குடிகள் அழிவது கர்ம நியதி என்கிறது. தேயிலைக்கும் ரப்பருக்கும் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளா இந்த ஏணியைப் போற்றுவது?

இதெல்லாம் பழங்கதை, யாருக்கு என்ன நஷ்டம் என்பார் உளர். நம் தோட்டத்து லாரி ஓட்டுநர் ஒருவர், மகளின் வலிப்பு நோய்க்கு மருத்துவமனை கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, முந்நூறு வெள்ளிக்குத் தாயத்து வாங்கிக் கட்டினார். நாம் தடுத்தோம். மந்திர சக்தியை வெள்ளைக்காரரே ஆராய்ந்து ஒப்புக்கொண்டதாகக் கோயில் மேடையில் படித்தவர் ஒருவர் பேசினாரே, நீங்கள் அவரைவிடப் படித்தவரா என்று கேட்டார். மூன்றாம் வாரம் பெண் பள்ளி மாடிப்படியில் விழுந்தாள். நெற்றியில் ஐந்து தையல். இப்போது மாத்திரை தொடர்கிறது; தாயத்தும் கழுத்திலேயே இருக்கிறது.

மறுப்பு எழுத விரும்பும் அன்பர்கள் தாராளமாய் எழுதலாம். அம்மையார் பெருந்தன்மையுள்ளவர், பாதிரிமார் பொல்லாதவர் என்று எழுதிப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். கிடிலின் சொற்பொழிவு மகாத்மாவின் கடிதத்துக்குள் எப்படி வந்தது, பெட்டி ஏன் எரிக்கப்பட்டது என்ற இரண்டுக்கு மட்டும் விடை எழுதினால் போதும்.