ஒப்படைத்த துப்பாக்கிகளைத் திருச்சி காக்கட்டும்

ஒருவர் உரிமம் பெற்று வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, 2019 டிசம்பரில் வந்த ஆயுதச் சட்டத் திருத்தம். பாட்டன் வழியில் வந்தவையும் இந்தக் கணக்கில் சேரும். மிகுதியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொன்னது சட்டம். இந்தக் கட்டுப்பாடு சரியானதே. வீட்டில் துப்பாக்கி பெருகினால் குடும்பச் சண்டையும் குடிவெறியும் குழந்தையின் ஆர்வமும் உயிருக்கே வினையாகும். ஆனால் ஒப்படைத்து, திரும்பப் பெறாமல் அரசுடைமையாகும் துப்பாக்கிகளுக்குள் வரலாறும் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, செயலிழக்கச் செய்து, மக்கள் பார்வைக்கு வைக்கும் அரங்கம் ஒன்று திருச்சியில் அமைய வேண்டும்.

சேகரிப்பாளர்கள், விற்றுவிட்ட கைத்துப்பாக்கியைப் பிறகு தேடி அலைவது ஏன் என்று பார்த்தாலே இதன் தேவை விளங்கும். தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. 9 மி.மீ. போன்ற ராணுவ அளவுகள் தடைசெய்யப்பட்டவை. ஆகவே பழைய வெப்ளி ஸ்காட் .32 ரிவால்வர்கள் உரிமதாரர்களுக்குள்ளேயே கைமாறுகின்றன. அந்த ரிவால்வரின் தாழ்ப்பாளை அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடங்கும். நட்சத்திர வடிவத் தகடு எழும்பி, வெற்றுத் தோட்டாக்கூடுகளை ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். உடலில் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், சோதனை முத்திரை. பிடியில் ஒரு தலைமுறைக் கைத்தேய்மானம். உரிமப் புத்தகத்தில் ஏறுவது எண்ணும் அளவும்தான். யார் வாங்கினார், எதற்காக, எந்தக் காலத்தில் என்ற செய்தி ஒவ்வொரு விற்பனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துபோகிறது.

திருச்சியைச் சொல்லக் காரணம் உண்டு. கர்நாடகப் போரில் 1752 ஜூனில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது ஸ்ரீரங்கத்தில்தான். திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர்தான் புதுச்சேரியில் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர். 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கியால். இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதை 1878-ஆம் ஆண்டுச் சட்டம் நெருக்கிப் பிடித்திருந்த காலம் அது. 1966-இல் திருச்சிக்கு அரசு துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. இன்றும் அங்கே ராணுவத்துக்கான துப்பாக்கிகள் தயாராகின்றன. அந்நியர் மோதிய களம், அந்நியரை எதிர்த்தவரின் பிறப்பிடம், நாமே ஆயுதம் செய்யும் பட்டறை என மூன்றும் ஒரே ஊரில் இருக்கின்றன. தஞ்சை அரண்மனைப் படைக்கலன்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதால்தான் இன்று அவற்றை ஆராய முடிகிறது. கைத்துப்பாக்கிகளுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்க வேண்டும்.

இது வன்முறையைப் போற்றுவதாகாதா என்று சிலர் கேட்பார்கள். அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. எதைக் காட்டுகிறோம் என்பதைவிட எப்படிக் காட்டுகிறோம் என்பதே பதில் சொல்லும். சுட்டவரின் பெயரோடு சுடப்பட்டவரின் கதையும், ஆயுதத்தோடு அதைக் கட்டுப்படுத்திய சட்டமும் சேர்ந்து நிற்க வேண்டும். திருட்டுப்போனால் ஆபத்து என்பது அடுத்த வாதம். சுடும் ஊசியை அகற்றி, குழலை அடைத்துவிட்டால் அது உலோகப் பொருள்தான். பூட்டிக் கிடக்கும் பீரோவில் சுடும் நிலையில் இருப்பதைவிட இது பாதுகாப்பு. இதனால் மதிப்பு போய்விடும் என்று சேகரிப்பாளர் வருந்தலாம். சந்தை விலை குறையும்தான். ஆனால் முத்திரையும் வேலைப்பாடும் அப்படியே இருக்கும். தம் பொருளை விற்கும் உரிமை அவருக்கு என்றும் உண்டு, யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை.

பயன்படுத்தும் நோக்கமில்லாத பழம்பொருள் ஆயுதங்களுக்கு இன்றைய ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவே விலக்கு தருகிறது. அரசுடைமையாகும் துப்பாக்கிகளை அழிக்குமுன் தொல்லியல் துறையும் காவல் துறையும் துப்பாக்கித் தொழிற்சாலையின் வல்லுநரும் சேர்ந்து ஒருமுறை பார்க்கட்டும். வரிசை எண்ணோடு உரிமையாளர் சொல்லும் வரலாற்றையும் பதிந்துகொள்ளட்டும். வீடுகளில் ஆயுதம் குறைய வேண்டும் என்பதும் நினைவு அழியக் கூடாது என்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் சேர்த்துச் செய்ய அரசாணை ஒன்று போதும். அதைத் தமிழ்நாடு அரசு தாமதிக்காமல் பிறப்பிக்க வேண்டும்.