தரவரிசை உங்கள் ஆய்வேட்டைத் திருத்தித் தராது

முனைவர் பட்ட ஆய்வுக்கு எங்கே சேர்வது என்று திகைத்து நிற்கும் பிள்ளைகளுக்குச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வழி சொல்லியிருக்கிறது. தரவரிசையில் மேலே இருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சேர வேண்டுமாம். நல்ல நெறியாளர் அமைவது அதிர்ஷ்டமாம். சரிப்படாவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாமாம். உதவித்தொகையைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஆராய்ச்சியே ஒத்துவராதாம். நான்கும் தவறு. இதை நம்பி முடிவெடுக்கும் மாணவர் தம் இளமையில் ஐந்தாறு வருடத்தைப் பறிகொடுப்பார்.

முதலில் தரவரிசை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியலில் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, பட்டம் பெற்று வெளியேறுவோருக்கு 20, அனைவரையும் உள்ளடக்குவதற்கு 10, வெளியார் கொண்டுள்ள மதிப்புக்கு 10. எத்தனை பேர் பிஎச்.டி. முடித்தார்கள் என்று எண்ணுகிறார்கள். எத்தனை பேர் மனம் நொந்து பாதியில் போனார்கள் என்று எண்ணுவதில்லை. விவரங்களில் பலவற்றைக் கொடுப்பதும் அந்தந்த நிறுவனங்கள்தான். அமெரிக்காவில் இது எதில் போய் முடிந்தது என்று 2022இல் பார்த்தோம். கொலம்பியா பல்கலைக்கழகம் யுஎஸ் நியூஸ் பட்டியலுக்குக் கொடுத்த புள்ளிவிவரங்கள் தவறானவை என்று அங்கேயே கணிதப் பேராசிரியராக இருக்கும் மைக்கேல் தாடியஸ் அம்பலப்படுத்தினார். 2ஆம் இடத்தில் இருந்த பல்கலைக்கழகம் அந்த ஆண்டே 18ஆம் இடத்துக்கு இறங்கியது. அதே ஆய்வகங்கள், அதே ஆசிரியர்கள். கட்டுரையாளரின் அளவுகோல்படி அங்கே சேர்வது ஒரு வருடம் புத்திசாலித்தனம், மறு வருடம் மடத்தனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகம் உயிரியல், மருத்துவ ஆராய்ச்சியில் நோபல் பரிசாளர்கள் பலரைக் கண்ட இடம். டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் உலகத் தரவரிசையில் அதைத் தேடினால் கிடைக்காது. இளநிலை வகுப்பு நடத்தாத நிறுவனங்களை அந்தப் பட்டியல் சேர்ப்பதில்லை. பட்டியலை மட்டும் பார்க்கும் மாணவருக்கு அப்படியோர் இடம் இருப்பதே தெரியாமல் போகும்.

அடுத்தது, நெறியாளர் அமைவது அதிர்ஷ்டம் என்ற வாதம். விசாரித்தால் தெரியக்கூடியதை விதியின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் நெறியாளர் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் யார் யார், எந்த வருடம் ஆய்வேடு சமர்ப்பித்தார்கள் என்று பார்த்துவிடலாம். மிச்சத்தை சீனியர்கள் சொல்வார்கள். அதைக் கட்டுரையாளர் வம்பு என்று ஒதுக்குகிறார். அந்த வம்பைக் கேட்காமல் சேர்ந்தவள் என் மாணவி. பட்டியலில் மேலே இருந்த ஒரு நிறுவனம். ஒருமுறை அந்த ஊருக்குப் போனபோது அவளைப் பார்க்கத் துறைக்குப் போனேன். நெறியாளரின் அறையில் தரையில் உட்கார்ந்து, அவருடைய மகள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் திருத்தப்படாத அவளுடைய அத்தியாயம் அதே அறையில் மேசைமேல் ஃபைல்களுக்கு அடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தாள். அந்த நிறுவனத்தின் தரவரிசை அவளுக்கு என்ன செய்தது?

பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதுபவர் விதிமுறையைப் படித்துப் பார்த்தாரா? யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம். நல்லவர் என்று பெயரெடுத்தவரிடம் இடம் காலியாக இருப்பதே அபூர்வம். பல பல்கலைக்கழகங்களில் பழைய நெறியாளரே சம்மதக் கடிதம் தர வேண்டும். தினமும் ஒரே துறையில் முகம் பார்த்துப் பழகும் சக பேராசிரியரைப் பகைத்துக்கொண்டு அவருடைய மாணவரைச் சேர்த்துக்கொள்ள எத்தனை பேர் துணிவார்கள்? இதற்கிடையில் ஆறு வருடக் கெடுவும் ஓடுகிறது, ஐந்து வருட ஜேஆர்எஃப் உதவித்தொகையும் கரைகிறது.

பணத்தைப் பற்றிய வரிதான் எனக்கு மிகுந்த கோபத்தை மூட்டியது. ஜேஆர்எஃப் கிடைத்தவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் உதவித்தொகை இல்லாதவருக்கு யுஜிசி வகுத்தது 8,000. இந்த வித்தியாசத்தைக் கணக்குப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்? வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளைகளால் முடியும். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் சேர்த்துப் பணம் அனுப்ப வேண்டிய முதல் தலைமுறை மாணவரைப் பார்த்து உனக்கு ஆராய்ச்சி ஒத்துவராது என்று சொல்வது அப்பட்டமான வர்க்கத் திமிர். கணக்குப் பார்ப்பது தவறும் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, உதவித்தொகையோடு இடம் கொடுத்த மாணவருக்கு முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. வந்த அழைப்புகளை அவர் அவசரமில்லாமல் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு.

நிறுவனத்தின் பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் நெறியாளரும் உதவித்தொகையும் சமமாக அமைந்தால் பெயரைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் வேலைக்கான நேர்காணலில் கையில் இருக்க வேண்டியவை முடித்த ஆய்வேடு, வெளிவந்த கட்டுரைகள், பரிந்துரைக் கடிதம். மூன்றும் நெறியாளர் வழியாகத்தான் வரும்.

மாணவர்களே, சேர்க்கைக் கடிதம் வந்ததும் அந்தத் துறையில் நான்காம் ஆண்டில் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தி வரும்? உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா? இதற்குமுன் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பாதியில் போனவர் ஏன் போனார்? நேருக்கு நேர் கேளுங்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினால், பட்டியலில் முதல் இடத்தில் இருந்தாலும் அங்கே சேராதீர்கள்.