இன்ஜினை எவ்வளவு கத்த விடலாம்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம் வகுப்பில் பாதிப் பேர் காதல் கவிதை கொடுத்துவிட்டார்கள். மீதிப் பேர் 'இளைஞனே எழுந்து வா' என்று எழுதிவிட்டார்கள். எனக்கு இரண்டும் வராது. எனக்குத் தெரிந்தது ஒரு பழைய டீசல் கார். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பொறுத்தருள்க!

கேள்வி இதுதான். பழைய, சின்ன டீசல் கார் இன்ஜினை எத்தனை ஆர்.பி.எம். வரைக்கும் விடலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூர் கார் ஸ்டாண்டில் கேட்டால், "டீசல் வண்டியை ரைஸ் பண்ணவே கூடாது தம்பி, 40 வந்ததும் டாப் கியரைப் போட்டுரணும்" என்பார்கள். நம் ஹாஸ்டலில் கேட்டால், "மிதிடா மாப்ள, கவர்னர் இருக்குல்ல!" என்பார்கள். ரெண்டும் பாதிதான் சரி என்பது என் கருத்து. அந்தப் பாதி எது என்று தெரியாமல் ஓட்டினால் நஷ்டம் நம்முடையது. எங்கள் வீட்டில் அந்த நஷ்டத்தை அனுபவித்துவிட்டோம்.

என் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1.4 லிட்டர் டீசல். கம்பெனி பேர் எதற்கு? தப்பு வண்டி மேல் இல்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே கல்யாணம், ஆஸ்பத்திரி, ஆண்டாள் கோயில் என்று சவாரி. ரோடு சமதளம். டாப் கியரில் போட்டுவிட்டால் வண்டி முனகாமல் போகும். அப்பாவின் '40-க்கு டாப்' கணக்கு அங்கே பல வருஷம் பலித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் குற்றால சீசனில் ஒரு சவாரி. அஞ்சு பேர், மேலே கேரியரில் பெட்டிகள். தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வரை போகணும். புளியரை ஏற்றத்தில் அப்பா நாலாவது கியரை விடவே இல்லை. கால் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்திருக்கிறது. வண்டி முக்குகிறது. பின்னால் கரும்புகை. "கியரைக் குறைச்சா மைலேஜ் போயிரும்" என்பது அப்பாவின் வாதம். கோட்டைவாசலுக்கு முன்பே டெம்பரேச்சர் முள் மேலே போய்விட்டது. ஹெட் கேஸ்கட் போச்சு. ஹெட்டைக் கழற்றி ஃபேஸிங் பண்ணி மாட்டியதில், என் செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தடவை ஃபீஸுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வகுப்பில் உட்கார்ந்தபோதுதான், போர்டில் இருந்த அந்த ஃபார்முலாவை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். பவர் = 2πNT/60. நாம் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுகிற அதே ஃபார்முலாதான்!

ஏற்றத்தில் வண்டிக்கு 15 கிலோவாட், அதாவது சுமார் 20 குதிரைத்திறன் தேவை என்று வைத்துக்கொள்வோம். 2500 ஆர்.பி.எம்-ல் ஓடினால் இன்ஜின் கொடுக்க வேண்டிய டார்க் 57 நியூட்டன் மீட்டர். அதே பவரை 1500-ல் கேட்டால் 95 நியூட்டன் மீட்டர். டாடா இண்டிகாவின் டர்போ இல்லாத 1405 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அதிகபட்ச டார்க்கே 85 நியூட்டன் மீட்டர், அதுவும் 2500-ல்தான். அப்படியென்றால் 1500-ல் அந்த இன்ஜினிடம் இல்லாததைக் கேட்கிறோம்! நாம் மிதிக்க மிதிக்க பம்ப் டீசலைக் கொட்டுகிறது. எரிக்கக் காற்று போதவில்லை. அதுதான் கரும்புகை. மைலேஜுக்காகச் செய்த காரியத்தில் டீசலே புகையாகப் போகிறது.

அதோடு முடியவில்லை. தண்ணீர் பம்ப், ஆயில் பம்ப் இரண்டும் இன்ஜின் வேகத்தில்தான் சுற்றும். சூடு அதிகம், சுற்றும் தண்ணீர் குறைவு. பேரிங் மேல் அழுத்தம் அதிகம், வரும் ஆயில் குறைவு. 'மெதுவா ஓடுது, அதனால் இன்ஜினுக்கு நல்லது' என்று நாம் நினைப்பது இந்த நிலைமையைத்தான்!

அப்படியானால் ஹாஸ்டல் கட்சி ஜெயித்துவிட்டதா? இல்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. காற்றைப் பல மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டில் டீசலைத் தெளிக்கிறோம். தெளித்த டீசல் ஆவியாகி, காற்றோடு கலந்து, அதற்கு அப்புறம்தான் எரியணும். இதற்கெல்லாம் நேரம் வேண்டாமா? 2000 ஆர்.பி.எம்-ல் கிராங்க் 30 டிகிரி திரும்ப 2.5 மில்லி செகண்ட் ஆகிறது. 4000-ல் 1.25 மில்லி செகண்ட்தான். பழைய அம்பாஸடர் டீசலிலும் இண்டிகாவிலும் டீசல் நேராகப் பிஸ்டன் மேல் விழாமல், ஹெட்டில் உள்ள சின்ன அறையில் சுழலும் காற்றில் விழும். சீக்கிரம் கலப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால்தான் இந்தச் சின்ன இன்ஜின்களால் 4000-க்கும் மேலே போக முடிகிறது. ஆனாலும் மேலே போகப் போக சத்தம்தான் கூடும், இழுவை கூடாது.

பிஸ்டன் கதையையும் பாருங்கள். இண்டிகாவின் ஸ்ட்ரோக் 79.5 மில்லி மீட்டர். 2500-ல் பிஸ்டனின் சராசரி வேகம் செகண்டுக்கு 6.6 மீட்டர், 5000-ல் 13.25 மீட்டர். வேகம் இரண்டு மடங்குதான், ஆனால் கனெக்டிங் ராடைப் பிடித்து இழுக்கும் விசை நாலு மடங்கு! லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய இன்ஜினுக்கு, எப்போது மாற்றியது என்றே தெரியாத டைமிங் பெல்ட்டுக்கு, இந்தச் சோதனை எதற்கு?

இங்கேதான் அப்பா என்னை ஜெயித்தார். புகை டெஸ்ட்டுக்கு ஓரிடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை மிதித்துப் புகையை அளப்பதுதான் அந்த டெஸ்ட். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே செய்யணும் என்பது முறை. அங்கிருந்த பையனோ செல்ஃப் எடுத்த உடனே மிதித்துவிட்டான். வண்டி அலறியது. அப்பா ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பி நிறுத்தினார். "தூங்கி எழுந்தவனை உடனே ஓடச் சொல்லுவியாடா?" என்று கேட்டார். நான் அப்புறம் புத்தகத்தில் தேடினேன். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், மேலே வரை போய்ச் சேர நேரமாகும். அலுமினிய பிஸ்டன் சீக்கிரம் விரியும், இரும்பு பிளாக் மெதுவாகத்தான் விரியும். அப்பா சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. அவர் படித்தது எட்டாவது. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் என்ற தலைக்கனம் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது.

சரி, எத்தனைதான் விடலாம்? டர்போ இல்லாத பழைய 1.4, 1.5 லிட்டர் டீசலுக்கு என் கணக்கு இது. வண்டி எடுத்த முதல் மூன்று, நாலு கிலோமீட்டர் 2000-க்குள். சமதளத்தில் 1500 முதல் 2500. ஏற்றத்தில், பாரத்தில் 2500 முதல் 3000. ஓவர்டேக் பண்ணும்போது மட்டும் 3500. அதற்கு மேல் இருப்பதை ஆபத்துக்கு விட்டுவைப்போம். வாரத்தில் ஒரு நாள், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் 3000-ல் அஞ்சு நிமிஷம் ஓட்டுங்கள். மெதுவாகவே ஓடி உள்ளே சேர்ந்த கரி கொஞ்சமாவது வெளியேறும்.

"எங்க வண்டியில் ஆர்.பி.எம். மீட்டரே இல்லையே!" என்கிறீர்களா? எங்கள் வண்டியிலும் இல்லை. கணக்குப் போடுங்கள். 165/65 ஆர் 13 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.7 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிஷத்துக்கு 1000 மீட்டர், அதாவது 588 சுற்று. டாப் கியரில் மொத்த விகிதம் 3.5 என்று வைத்துக்கொண்டால் இன்ஜின் 2060-ல் ஓடுகிறது. 40-ல் 1370தான். மூன்றாவது கியரின் விகிதம் 5.5 என்றால் அதே 40-ல் 2150. உங்கள் வண்டியின் விகிதத்தை மேனுவலில் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்.

ஹாஸ்டல் கட்சிக்கு இன்னொரு வார்த்தை. கவர்னர் டீசலைத்தான் குறைக்கும். இறக்கத்தில் 80-ல் வரும்போது தவறி ரெண்டாவது கியர் விழுந்தால், விகிதம் 8 என்றாலே 6000-ஐத் தாண்டிவிடும். அப்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கவர்னர் என்ன செய்யும்?

டர்போ உள்ள வண்டிக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். 2007-ல் வந்த ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசல் 2000-லேயே 190 நியூட்டன் மீட்டர் தரும். அதற்குக் கீழே டர்போவுக்கு மூச்சு வராது, ஆகவே 1500-ல் அழுத்தி மிதிப்பது அதற்கும் ஆகாது. இழுத்து ஓட்டி வந்து நின்றதும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். அம்பாஸடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. இண்டிகா 2018-ல் நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது மாருதி டீசல் காரையே விட்டுவிட்டது. ரோட்டில் இருக்கிற பழைய டீசல்களை நம்பித்தான் எங்கள் வீட்டைப் போலப் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அவற்றை இன்னும் பத்து வருஷம் ஓட வைப்பது டிப்ளமா படிக்கிற நம் கையிலும் இருக்கிறது.

நம்மூர்ப் பால்கோவாக்காரரைப் பாருங்கள். தீ கூடினால் அடிபிடிக்கும், குறைந்தால் இறுகாது. அவர் கண் அடுப்பை விட்டு அகலாது. இன்ஜினுக்குக் கண்ணுக்குப் பதில் காது வேண்டும். முக்கினால் கியரைக் குறை, அலறினால் காலை எடு!

போன கார்த்திகையில் சபரிமலை சவாரிக்கு அப்பாவோடு நானும் போனேன். புளியரை ஏற்றம் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கியர் விழுந்தது. டெம்பரேச்சர் முள் பாதியிலேயே நின்றது.

இந்தத் தடவை ஃபீஸை நேரத்துக்குக் கட்டிவிட்டேன் நண்பர்களே!