கடல் உரம் எந்தக் கடலிலிருந்து வருகிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முதல் தொண்டி வரை பாக் விரிகுடாக் கரையோரம் சென்றால், சில இடங்களில் மூங்கில் மிதவைகள் வரிசையாகக் கடலில் ஆடிக் கொண்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உடையது. அதில் கட்டிய கயிறுகளில் தடித்த கிளைகளுடன் ஒருவகைப் பாசி வளர்கிறது. காப்பாபைகஸ் அல்வரேசி என்பது இதன் அறிவியல் பெயர். ஊர் மக்களுக்கோ இது ‘பெப்சிப் பாசி’. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் இதனை ஒப்பந்த முறையில் இங்கு வளர்க்க முன்வந்ததால் ஏற்பட்ட பெயர் அது.

இந்தப் பாசியைப் பிழிந்து எடுக்கும் சாறு, இயற்கை வேளாண்மைக்கு ஏற்ற இடுபொருள் என்று புட்டிகளில் அடைக்கப்பட்டு நாடெங்கும் விற்பனையாகிறது. இதனை முன்வைத்து, ‘அனுமதிக்கப்பட்ட உரம்’ என்ற சொல்லை நாம் சற்று உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

சான்றிதழ் பெற்ற இயற்கைப் பண்ணையில் விவசாயி நினைத்ததையெல்லாம் இட முடியாது. நம் நாட்டில் 2001 முதல் நடைமுறையில் உள்ள தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் இதற்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தொழு உரம், பிண்ணாக்கு, பசுந்தாள் உரம், உயிர் உரங்கள் ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. யூரியாவுக்கு இடம் இல்லை. இதுவரை எளிது. ஆனால் ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூளை எடுத்துக் கொள்ளுங்கள். அதை அப்படியே பொடித்து இட்டால் அனுமதி உண்டு. அதே தூளைக் கந்தக அமிலத்துடன் சேர்த்து சூப்பர் பாஸ்பேட் ஆக்கிவிட்டால் அனுமதி இல்லை! இரண்டிலும் உள்ள சத்து மணிச்சத்துதான். ஆக, பட்டியல் கேட்பது ‘இதில் என்ன சத்து இருக்கிறது?’ என்பதை அன்று. ‘இது எப்படிச் செய்யப்பட்டது?’ என்பதையே.

இந்தக் கேள்வி தவறன்று, போதாது என்கிறேன். பாறைத்தூள் புளிப்பு மண்ணில்தான் நன்கு கரையும். காரத்தன்மை மிக்க மண்ணில் பெரும்பாலும் கரையாமல் கிடக்கும். ராமநாதபுரத்தில் கார மண் உள்ள ஒரு விவசாயி அதைப் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்கினால் காசுதான் கரையும். அனுமதி வேறு, பயன் வேறு.

கடற்பாசியும் பட்டியலில் உள்ள பொருள்தான். தமிழகக் கரையோரத் தென்னந்தோப்புகளில் ஒதுங்கிய பாசியை எருவாக இடும் வழக்கம் முன்பே உண்டு. புட்டியில் வரும் சாறு அதனின்றும் வேறுபட்டது. பவநகரில் தலைமையகமும் மண்டபத்தில் ஆய்வு நிலையமும் உடைய மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், புதுப் பாசியை அரைத்துப் பிழிந்து, சாற்றைப் பயிருக்கும், எஞ்சிய சக்கையைக் கராஜீனன் எடுப்பதற்கும் பயன்படுத்தும் முறையைக் கண்டறிந்தது. அமெரிக்கக் காப்புரிமையும் 2005-ல் கிடைத்தது. கராஜீனன் என்பது ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக வைத்திருக்க உதவும் பொருள். முன்பெல்லாம் பாசியை வெயிலில் காயவைத்து விற்றார்கள். 10 கிலோ ஈரப் பாசி காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோதான் தேறும். ஆவியாகிப் போன அந்த நீரோடு வளர்ச்சி ஊக்கிகளும் வீணாகின்றன என்பதை உணர்ந்ததே இங்கு உண்மையான கண்டுபிடிப்பு.

ஆம், சாற்றின் மதிப்பு ஊக்கிகளில்தான் இருக்கிறது. ஆக்ஸின், சைட்டோகைனின், ஜிப்ரலின் ஆகியவை அதில் உள்ளன. சாம்பல் சத்தும் நுண்சத்துகளும் உண்டு. தழைச்சத்து மிகக் குறைவு. வயல் சோதனைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை நீரில் கலந்து இலைமீது தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். நெல், பயறு எனப் பல பயிர்களில் விளைச்சல் கூடியது. ஆனால் தொழு உரம் இடாமல் சாற்றை மட்டும் தெளிப்பது, சோறு போடாமல் சுக்குக் கஷாயம் கொடுப்பது போல. நம் அரசும் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியபோது, கடற்பாசிச் சாற்றை உரத்தோடு சேர்க்காமல் ‘உயிர் ஊக்கிகள்’ என்ற புதிய பிரிவில் சேர்த்தது. கடைக்காரர் ‘கடல் உரம்’ என்று சொல்லி விற்பது வேறு விஷயம்!

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்தப் பாசியின் தாயகம் பிலிப்பைன்ஸ் கடல். 1980-களில் ஆய்வுக்காக நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு மிதவையில் 60 கிலோ விதைப் பாசி கட்டினால் 45 நாளில் 240 கிலோவுக்கு மேல் கிடைக்கிறது. விதைக்கென்று தனியே எதுவும் இல்லை. ஒடித்த துண்டே விதை. விவசாயிக்கு வரமாக உள்ள இந்தக் குணமே பவளத்துக்குச் சாபமாகிவிட்டது. ஒடிந்த துண்டு மிதந்து போய் எங்கு தங்கினாலும் வளரும் அல்லவா? பாம்பனை அடுத்த குருசடைத் தீவில் இப்பாசி பவளப்பாறைகள்மீது பாய் விரித்தாற்போலப் படர்ந்திருப்பதை 2008-ல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக் காட்டியது. பவள உயிரியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியால் உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. மேலே போர்வை விழுந்தால் ஒளி இல்லை, உணவும் இல்லை. குருசடை, 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. பாக் விரிகுடாவின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதை வளர்க்கலாம் என்று 2005-லேயே தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருந்தது. கடலுக்கு வரப்பு கட்ட முடியாதே!

அப்படியானால் வளர்க்காமல், இயற்கையாக விளைவதைப் பறித்துக் கொள்ளலாமா? கட்டக்கோரை, மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றை இப்பகுதிப் பெண்கள் தலைமுறைகளாக மூழ்கிப் பறிக்கிறார்கள். சாறு எடுக்கக் கட்டக்கோரையும் உதவும். ஆனால் கட்டக்கோரைக் காடு மீன் குஞ்சுகள் ஒதுங்கும் இடம். வேரோடு பிடுங்கினால் அடுத்த ஆண்டு அங்கே பாறைதான் மிஞ்சும். இதை அறிந்த பெண்களே மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக் காலத்தில் பறிப்பதில்லை என்று தமக்குள் கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். இதற்காகச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாத விதி அது. என் மதிப்பில் பல பட்டியல்களைவிட உயர்ந்த விதி.

பாசி வளர்ப்பை நிறுத்திவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. மீன் குறைந்த கடலோரத்தில் பெண்களின் கைக்குக் காசு தரும் தொழில் அது. வெப்பத்தாலும் நோயாலும் 2013-ஐ அடுத்து விளைச்சல் சரிந்தபோது எத்தனை வீடுகளில் அடுப்பு மந்தமாயிற்று என்பதை அக்கரையில் கேட்டால் தெரியும். தீவுகளை விட்டு விலகிய இடத்தில், ஒடிந்த துண்டுகள் வெளியேறாமல் மிதவையைச் சுற்றி வலை கட்டி வளர்த்தால் நான் அதை ஆதரிப்பேன்.

ஆனால் வலை கட்டியவரின் பாசியும் கட்டாதவரின் பாசியும் ஒரே புட்டியில் ஒரே விலைக்கு விற்கும்வரை, யார் மெனக்கெட்டு வலை கட்டுவார்? ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் வெளியிட்ட இடுபொருள் பட்டியல் ஒரு படி முன்னே சென்றுள்ளது. நீரால் அல்லது அமிலம், காரக் கரைசலால் பிரித்தெடுத்தது என்ற பழைய நிபந்தனையோடு, அந்தப் பாசி அங்கக முறையில் வளர்த்ததாகவோ வளம் குன்றாத வகையில் சேகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது.

நம் புட்டிகளிலும் மூன்று செய்திகள் அச்சாக வேண்டும்: எந்தப் பாசி, வளர்த்ததா பறித்ததா, எந்தக் கடல். முண்டு மிளகாய்க்குச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்த விவசாயியின் வயலுக்கு அங்ககச் சான்றளிப்புத் துறை ஆய்வாளர் வரும்போது, புட்டிகளையும் ரசீதுகளையும் பார்க்கத்தான் செய்கிறார். கூட மூன்று வரி படிக்க அவருக்கு அரை நிமிடம் ஆகும்.