மன உறுதி எனும் சாட்டை!

"மன உறுதியில்லாதவன், அதனால்தான் விட முடியவில்லை!"

சிகரெட்டை விட முயன்று தோற்ற இளைஞனுக்கு நாடு வழங்கும் தீர்ப்பு இது. தந்தை சொல்கிறார், தலைமையாசிரியர் சொல்கிறார், தெருமுனைப் பெரியவரும் — வாயிலே புகையிலையை அடக்கிக்கொண்டே — சொல்கிறார். தீர்ப்பு வந்தாயிற்று, விசாரணை எங்கே? சாட்சி எங்கே? கேட்கிறோம்!

விதியை ஏற்க மறுக்கும் நாம், இந்தப் புது விதிக்கு மட்டும் தலை வணங்குவானேன்? 'தலையெழுத்து' என்பதற்கும் 'அவன் மனம் அப்படி' என்பதற்கும் என்ன வேற்றுமை? முன்னது நெற்றியிலே எழுதியதாம், பின்னது நெஞ்சிலே எழுதியதாம்! காரணத்தைத் தேடவிடாமல் கண்ணைக் கட்டுவதில் இரண்டும் உடன்பிறப்புகளே.

காரணத்தைத் தேடுவோம், தோழர்களே. புகையை இழுத்த பத்து, இருபது வினாடிகளுக்குள் நிகோட்டின் மூளையை எட்டுகிறது, இன்பம் ஊட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் குருதியிலே அதன் அளவு பாதியாகிறது. மூளை மீண்டும் கேட்கிறது. நாளொன்றுக்குப் பத்து சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 36,500 முறை அந்தப் பாடம் மூளைக்கு நடத்தப்படுகிறது. பதினாறாம் வாய்பாட்டை அத்தனை முறை ஒப்புவிக்கச் செய்தால், எங்கள் வகுப்பின் கடைசி வரிசை மாணவனும் சாகும்வரை மறக்கமாட்டான்! அதை ஒரு காலைப்பொழுதிலே மறந்துவிடு, மறக்காவிட்டால் நீ கோழை என்பது என்ன நீதி?

மன உறுதிதான் மருந்தென்றால் சிக்மண்ட் பிராய்டுக்கு அது ஏன் கைகொடுக்கவில்லை? மனத்தையே ஆராய்ந்த மேதை! 1923-இல் அவர் வாயிலே புற்றுநோய் கண்டது. முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள். தாடையின் ஒரு பகுதியே போயிற்று. சுருட்டு மட்டும் போகவில்லை. 1939-இல் மாண்டார். கோழையா அவர்?

மன உறுதிப் பல்லவியால் ஆதாயம் அடைந்தவர் யார் என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவின் பிரவுன் அண்டு வில்லியம்சன் சிகரெட் நிறுவனத்தின் வழக்கறிஞர், 1963-லேயே, நாம் விற்பது அடிமைப்படுத்தும் நிகோட்டின் என்று உள்ளுக்குள் எழுதி வைத்தார். 1994-இல் அந்த நிறுவனத் தலைவர் உள்ளிட்ட ஏழு சிகரெட் முதலாளிகள் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, நிகோட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் கருதவில்லை என்று சத்தியம் செய்தனர்! நோயுற்றோர் வழக்குத் தொடுத்தபோதோ, விரும்பித்தானே புகைத்தார், நினைத்திருந்தால் விட்டிருக்கலாமே என்பது அவர்கள் தரப்பு வாதம். நம் தெருமுனைப் பெரியவர் கூலி வாங்காமல் பேசுவது யாருடைய வாதம் என்று புரிகிறதல்லவா?

"எத்தனையோ பேர் எவர் துணையுமின்றி விட்டார்களே?" என்பர். உண்மை, மறுக்கவில்லை. ஆயினும் பலமுறை விழுந்தெழுந்து விட்டவர்களே அவர்களிலே மிகுதி. துணையின்றி முயல்வோர் நூற்றுவரில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர் மூவர் முதல் ஐவர்தான். எஞ்சியோர் அனைவரும் ஈனர்களா?

நம் ஊரிலேயே ஒரு சோதனை ஆண்டுதோறும் நடக்கிறது. சபரிமலைக்கு மாலையிட்டவன் 41 நாள் சிகரெட்டைத் தொடுவதில்லை. மலையிறங்கி மாலையைக் கழற்றியதும் பலர் பற்றவைக்கின்றனர். மாலையின் மகிமை என்பார் பக்தர். மன உறுதி தீர்ந்துவிட்டது என்பார் பெரியவர். இரண்டும் ஆராய்ச்சிக்கு நில்லா! விட்டவனுக்கு வரும் எரிச்சலும் உறக்கமின்மையும் முதல் மூன்று நாட்களில் உச்சத்தை எட்டி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. 41-ஆம் நாள் உடல் பெரும்பாலும் விடுதலை பெற்றுவிட்டது. பின் ஏன் பற்றவைக்கிறான்? அந்த நாட்களில் வீடே அவனுக்காக ஒழுங்கு மாறியது. நண்பன் பெட்டியை நீட்டவில்லை. கடைக்காரர் 'சாமி' என்றழைத்து டீயோடு நிறுத்திக்கொண்டார். மாலை இறங்கியதும் பழைய டீ, பழைய கூட்டம், பழைய நீட்டல்! அவனைக் காத்தது அந்த ஏற்பாடு. அதைச் செய்ய மாலை வேண்டுமா, மலை வேண்டுமா?

நாம் செய்யும் ஏற்பாடோ வேறு. கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கலாகாது என்று 2003-இல் சட்டம் எழுதினோம். அப்புறமும் பெட்டிக்கடையிலே சிகரெட் ஒன்றொன்றாகக் கிடைக்கிறது. தீப்பெட்டி வாங்கும் சிரமமும் வேண்டாமென்று கயிற்றின் நுனியிலே நெருப்பைத் தொங்கவிடுகிறோம்! நெருப்பையும் நீட்டிவிட்டு, பதினேழு வயதுப் பையனிடம் மன உறுதி கேட்கிறோம்.

மன உறுதிக்கு வேலையே இல்லை என்றா சொல்கிறோம்? இல்லை. வேட்கை நெஞ்சைப் பிறாண்டும் வேளையிலே மல்லுக்கு நிற்பதைவிட, முந்திய நாள் மாலையே பெட்டியையும் சாம்பல் கிண்ணத்தையும் வீட்டைவிட்டு வெளியேற்றுவதிலும், நாள் குறித்து நண்பரிடம் அறிவிப்பதிலும் அதைச் செலவிடுக என்கிறோம். நிகோட்டின் கலந்த மெல்லும் கோந்தும், தோலில் ஒட்டும் பட்டையும் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. மருத்துவரைக் கேட்டு அவற்றை வாங்குவது மானக்கேடா? பார்வை மங்கினால் கண்ணாடி அணிகிறோமே! 1800-11-2356 என்ற இலவச உதவி எண், 2018 முதல் சிகரெட் பெட்டி மீதே அச்சாகிறது. பெட்டியைப் பிரிப்பவர் கண் அதன்மீது படுவதில்லை. படச் செய்வது நம் வேலை.

நாள் கடத்த நேரமில்லை. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பதாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சர்டு டால் குழுவினர் 2004-இல் வெளியிட்ட கணக்கு இது: முப்பது வயதில் விட்டால் மிஞ்சும் ஆயுள் ஏறத்தாழ பத்தாண்டு, அறுபதில் விட்டால் மூன்று.

ஆகவே படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் ஒருவர், "இன்று முதல் விட்டேன்" என்று வந்தால் கை தட்டாதீர். மீண்டும் புகைத்தால் கேலி பேசாதீர். வாசலில் தொங்கும் அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கடைக்காரரிடம் பேசுங்கள். மாலை ஐந்து மணிக்கு, அவர் வழக்கமாகப் பற்றவைக்கும் வேளையிலே, ஒருவர் உடன் நடந்து செல்லுங்கள் — நான்கு வாரம்.