கலர் சட்டை போட ஒரு நாள்

பொதுத்தேர்வுக்கு முன்பு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிரிவு உபசார விழா நடத்துவது நம் பள்ளிகளில் பழைய வழக்கம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் காசு போட்டு லட்டும் மிக்சரும் வாங்கி வைப்பார்கள். நாலு பேர் பேசுவார்கள், இரண்டு பேர் அழுவார்கள், குரூப் போட்டோ எடுப்பார்கள். பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருப்பது லட்டுக்காக அல்ல. அன்று ஒரு நாள் சீருடை வேண்டாம், கலர் டிரஸ்ஸில் வரலாம் என்பதற்காகத்தான்.

சிவகங்கை மாவட்டத்தில் நான் படித்த அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில், முன்னாள் மாணவன் என்ற முறையில் நானும் இருக்கிறேன். போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. இந்த ஆண்டு விழாவுக்கு எல்லோரும் சீருடையிலேயே வர வேண்டும் என்பது அது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருடம் சில பையன்கள் பேசி வைத்துக்கொண்டு தங்கள் சாதிக் கொடியின் நிறத்தில் சட்டை போட்டு வந்தார்கள். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. "எதுக்கு சார் வம்பு? யூனிஃபார்ம்னு சொல்லிட்டா முடிஞ்சது" என்றார் ஒருவர். பலரும் தலையாட்டினார்கள்.

நான் தலையாட்டவில்லை. ஏன் என்று அங்கே சரியாகச் சொல்ல வரவில்லை. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் பிளஸ் டூ முடித்தது 1989-இல். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தேன். அம்மாவுக்குக் கரிமூட்டத்தில் கூலி வேலை. சீமைக்கருவேலம் வெட்டி அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, ஆறியபின் கரி அள்ள வேண்டும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் வெள்ளைத் துணியும் காக்கித் துணியும்தான் எடுப்பார். "பள்ளிக்கூடத்துக்கும் ஆகும்ல, அப்பு" என்பார். அதனால் எனக்குத் தீபாவளியும் பொங்கலும் சீருடையில்தான் வந்துபோயின. எங்கள் விடுதியில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

விழாவில் நன்றியுரை சொல்ல என்னைப் போட்டிருந்தார்கள். கலர் சட்டை இல்லை. விடுதியில் ஒருவனிடம் ரோஸ் நிற டெரிகாட்டன் சட்டை இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போன அவன் அண்ணன் எடுத்துக் கொடுத்தது. அதை எனக்குக் கொடுத்தான். பேண்ட் விடுதிச் சமையல்காரருடையது. இடுப்பில் நாலு விரல் பெரிது, ஊக்கு குத்திச் சமாளித்தேன். பித்தளைச் செம்பில் கங்கு போட்டு அவரே தேய்த்துக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். அன்று எடுத்த குரூப் போட்டோ இன்றும் என்னிடம் இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம், ரோஸ் நிறம் அதில் தெரியாது. சட்டையைக் கொடுத்தவன் படத்தில் இல்லை. அவனிடம் வேறு கலர் சட்டை கிடையாது என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. வயிற்று வலி என்று சொல்லி விடுதியிலேயே படுத்துக்கொண்டானாம்.

இதை ஏழ்மைக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். மீதி என் தங்கையுடையது.

அவள் 1994-இல் முடித்தாள். விடுதி கிடையாது, வீட்டிலிருந்தே போய்வந்தாள். எங்கள் தெருவிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி போட்டுப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அது அரசாங்கம் சொன்ன உடுப்பு. அதற்கு முந்தைய வருடம் எங்கள் தெருப் பெண்ணொருத்தி கலர் தாவணி கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு விழாவுக்குப் போனபோது, டீக்கடை வாசலில் இருந்த பெரிய மனிதர் ஒருவர், "இன்னிக்கு என்ன, மகாராணி ஊர்வலமா?" என்று கேட்டிருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். யாரும் கைநீட்டவில்லை, வழிமறிக்கவில்லை. வழக்குப் போடுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுவருடம் என் தங்கை சீருடையில் கிளம்பினாள். சின்னாளப்பட்டுத் தாவணியை மஞ்சள் பையில் மடித்து எடுத்துக்கொண்டு போய், பள்ளியில் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் உடுத்திக்கொண்டாள். சாயங்காலம் மறுபடி வெள்ளைத் தாவணிக்கு மாறி வீடு வந்தாள். அவள் கலர் தாவணி கட்டியதை எங்கள் தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குக் காசு சேர்த்த அம்மாவும் பார்க்கவில்லை.

ஒரு கிண்டலுக்கா இவ்வளவு பயம் என்று கேட்பவர்கள், இந்த மண்ணில் அந்தக் கிண்டலுக்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1930 டிசம்பரில், இன்றைய சிவகங்கையையும் உள்ளடக்கியிருந்த அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அடுத்த வருடம் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தப் பட்டியலைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

சட்டை, தாவணி, பூ, செருப்பு, படிப்பு. பிரிவு உபசார நாளில் எங்கள் பிள்ளைகள் உடுத்திக்கொண்டு போவது இந்தப் பட்டியலைத்தான். டீக்கடைப் பெரியவர் ஹட்டனைப் படித்திருக்கமாட்டார். அவருக்குப் பட்டியல் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கும்.

உடுப்பு சின்ன விஷயம் என்று அம்பேத்கர் நினைக்கவில்லை. 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அவர் பேசியபோது, முழங்கால் தெரியச் சேலை கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், மற்ற பெண்களைப் போல முழுதாகக் கட்டுங்கள் என்றார். தீண்டப்படாதவர் என்று காட்டும் அடையாளத்தை முதலில் உடம்பிலிருந்து எடுக்கச் சொன்னார். நம் ஊர்களில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் சிலைக்கு நீலக் கோட்டு அழகுக்காகப் போட்டது என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

சீருடையை நான் குறை சொல்லவில்லை. சீருடை இல்லாவிட்டால் என்னைப் போன்றவன் ஐந்தாம் வகுப்போடு நின்றிருப்பேன். வருடத்தில் மற்ற எல்லா நாளும் அது இருக்கட்டும். ஆனால் அது கொடுக்கப்பட்ட உடுப்பு. தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்து உடுத்தி, பத்துப் பேர் பார்க்கத் தெருவில் நடப்பது வேறு. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாள் அதற்காகத்தான்.

சாதிச் சட்டைக்கு என்ன செய்வது? அது உண்மையான ஆபத்துதான், மறுக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அந்தக் குழு அரசிடம் அறிக்கை கொடுத்தது. கையில் கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டும் அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சரியான பரிந்துரை. ஆனால் அது அடையாளத்துக்கு எதிரானது, உடுப்புக்கு எதிரானது அல்ல. முப்பது பேர் ஒரே நிறத்தில் சட்டை போட்டு வந்தால் அது கலர் டிரஸ்ஸே அல்ல. அதுவும் ஒரு சீருடைதான், சாதி தைத்துக் கொடுத்த சீருடை. அதைத் தடுக்க வேண்டியது ஆசிரியர்களின் வேலை. முன்கூட்டியே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லலாம். கூட்டாக ஒரே நிறத்தில் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று எழுதி ஒட்டலாம். அந்தப் பையன்களோடு மல்லுக்கட்டச் சங்கடப்பட்டுக்கொண்டு, எல்லோருடைய கலரையும் எடுத்துவிடுவதில் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். அவர்களுக்குத் திருவிழா இருக்கிறது, குருபூஜை இருக்கிறது, சட்டையைக் காட்ட வருடத்தில் பத்து நாள் இருக்கிறது.

கூட்டத்தில் யாரும் பேசாத இன்னொன்றும் உண்டு. இப்போது பல பள்ளிகளில் பிள்ளைகளே கூடிப் பேசி, பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரிச் சேலை, பையன்களுக்கு வேட்டி சட்டை அல்லது வாடகைக் கோட்டு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கூலி வீட்டில் அது ஒரு வாரச் சம்பளம். அன்று பள்ளிக்கு வராமல் போகிறவர்கள் யார் யார் என்று வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாலே தெரியும். வயிற்று வலி 1989-இலேயே முடிந்துவிடவில்லை. இருக்கிற துணியில் நல்லதைப் போட்டு வா, புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்று பள்ளியே சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எனக்குச் சட்டை கொடுத்தவனைப் போனில் கூப்பிட்டு இதைச் சொன்னேன். இப்போது அவன் திருப்பூரில் இருக்கிறான். "நல்லதுன்னு ஒண்ணு இருந்தாத்தானடா போட்டு வர" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து, பெயர் வெளியே தெரியாமல் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்று இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். தங்கை மகள் இந்த வருடம் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. என் தங்கை பழைய சின்னாளப்பட்டுத் தாவணியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். வீட்டிலேயே கட்டிவிட்டு, தானும் கூடவே ஊர்த்தெரு வழியாக நடந்து பேருந்து ஏற்றிவிடப் போகிறாளாம். "மாமா, கலர் டிரஸ் உண்டா இல்லையா?" என்று அந்தப் பிள்ளை தினமும் கேட்கிறது.

அடுத்த கூட்டம் இந்த வெள்ளிக்கிழமை.